ஒன்பதடிப் படகில் பேச்சு கிடையாது

"இழுங்க. புடிங்க. அசையாதீங்க." ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "விடுங்க."

என் அக்கா வீட்டுக்காரர் இந்த நாலு வார்த்தையை வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். வீடு கடலூர் முதுநகரில். காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால், பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு தடுப்புக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் மூச்சை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிற வேலை. 'விடுங்க' என்பதை மட்டும் மற்ற மூன்றையும்விட மெதுவாகச் சொல்வார். கேட்கிறவருக்குத் தோள் இறங்கிவிடும். வீட்டில் அக்கா கோபமாக எதையாவது ஆரம்பித்து, மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் சரியாக நுழைந்து, "விடுங்க" என்பார்.

"நான் ஒண்ணும் உங்க பேஷன்ட் இல்ல" என்பாள் அக்கா. ஆனாலும் சண்டை பாதியில் நின்றுபோகும்.

நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். ஆறு வயது வித்தியாசம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கடலில் போனவர் யாரும் கிடையாது. முந்திரித் தோப்பு, சவுக்கு, கொஞ்சம் கரும்பு. கடல் என்பது மாசி மகத்துக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு, மணல் ஒட்டிய காலோடு பஸ் ஏறுகிற இடம். அப்படியொரு குடும்பத்து ஆள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மொட்டை மாடியில் பிளைவுட்டை அறுத்து ஒட்டி, ஒரு பாய்மரப் படகு செய்தார். ஒன்பது அடி. நெஞ்சுப் படமாக எடுத்துத் தள்ளிய அந்தத் தொற்றுக் காலத்தில்தான் அது தொடங்கியது. இழுங்க என்றால் இழுக்க முடியாதவர்கள். புடிங்க என்று சொல்லி முடிப்பதற்குள் இருமி இருமிக் குனிந்துபோனவர்கள். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஒரே ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டு, "வெளில எவ்ளோ காத்து இருக்கு, இல்ல மச்சான்?" என்றார். அடுத்த மாதம் மாடிக்குப் பலகை வந்தது.

பாய் தைக்க ஆள் கிடைக்கவில்லை. எனக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவரைத் தெரியும். அழைத்துப் போனேன்.

"எத்தினி வீலு வண்டி?" என்றார் அவர், அளவு நாடாவை உதறிக்கொண்டே.

"வீலு கெடையாதுங்க."

"வீலு இல்லாத வண்டிக்கு எதுக்குங்க தார்ப்பாய்?"

மாமா காகிதத்தில் வரைந்து வைத்திருந்த முக்கோணத்தை நீட்டினார். தையல்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"நாலாவது மூல எங்க?"

"நாலாவது மூல இல்ல."

"அப்ப மழ வந்தா நனையுமே சார்."

"நனையத்தாங்க போறேன்."

தையல்காரர் என்னைப் பார்த்தார். இவரோடு வந்தவன் என்ற முறையில் விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக அந்தப் பார்வை. நான் தெருவில் போகும் பலாப்பழ வண்டியைப் பார்த்தேன்.

முதன்முதலில் அந்தப் படகில் ஏறிய அன்று, உப்பனாற்றுக் கரையில், "கால எங்க வெக்கட்டும் மாமா?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்தார். கோயிலில் யாரோ அபிஷேகத்தின்போது பேசிவிட்டதுபோல. அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. கரைக்கு வந்து, பாயைச் சுருட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கோச்சிக்காத மச்சான். வாரத்துல ஆறு நாளு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இழு, புடி, விடு. ஏழாவது நாளும் எவனுக்காச்சும் சொல்லணுமா? இந்த போட்டுல பேச்சு கெடையாது."

பேச்சு தேவையும் இல்லை. ஒன்பது அடிக்குள் இரண்டு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் முழங்காலில் இடிக்கும். திரும்பலாம் என்று அவர் நினைப்பது அவர் தோளில் தெரியும். தோளில் தெரிவதற்கு முன்பே படகு லேசாகச் சாயும், என் இடுப்பு அதற்குள் நகர்ந்திருக்கும். தலையைக் குனிவேன். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி தலைக்கு மேலே போய்விடும். நிமிரும்போது இருவரும் மறுபக்கம் உட்கார்ந்திருப்போம். ஒரே உடம்பு புரண்டு படுத்த மாதிரி. நான் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பேசாமல், அவ்வளவு தெரிந்து, யாரோடும் இருந்ததில்லை.

பாய்க்கயிற்றை எங்கேயும் கட்ட மாட்டார். இடது உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்திருப்பார். வலது கை சுக்கானில். காற்று கூடினால் கயிறு இறுகும், அவர் விரல்கள் கொஞ்சம் கொடுக்கும். குறைந்தால் வாங்கும். "கட்டிப்புட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்பார். கண்ணை மூடிக்கொண்டுகூடப் படகு விடுவார். கயிற்றை மட்டும் விட மாட்டார்.

கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர் ஒருவர் எங்களைப் பார்த்தால் விட மாட்டார்.

"இன்னா சார், மீனும் புடிக்கல, வலயும் போடல, ஆளயும் ஏத்தல. இன்னாத்துக்குப் போறீங்க, இன்னாத்துக்கு வர்றீங்க?"

"போயிட்டு வர்றதுக்குத்தான்."

"அதுக்குத்தான் பஸ்ஸு உடுறானே."

மாமா சிரிப்பார். அவருக்கு அந்த ஆளைப் பிடிக்கும். உடனே சொல்லிவிடுகிற எதையும் அவருக்குப் பிடிக்கும். அதுதான் அவர். சின்னது உடனே சொல்லிவிடும், பெரியது சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் ஆகிறது ஆகிவிடும் என்பதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு வருவார். சிதம்பரத்தில் எட்டுப் பேர் மட்டும் உட்காரும் ஒரு மெஸ்ஸில்தான் மத்தியானச் சாப்பாடு. "குழம்புல உப்பு ஜாஸ்தின்னா ஊத்துற அம்மா மொகத்துலயே தெரிஞ்சிடும்." மினி பஸ்ஸில் டிரைவர் தும்மினால் கடைசி சீட்டுக்குத் தெரியும். பெரிய கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூட நமக்குப் பந்தியில் பாயசம் வந்துகொண்டிருக்கும். கேட்கக் கேட்க அலுப்பாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கிறவர்களோடு வெகுதூரம் பயணம் போவது கஷ்டம். நானும் பதிலுக்குச் சொல்லிப் பார்ப்பேன். சின்னதில் உட்கார்ந்தால் பின்பக்கம் முழுக்க நனைகிறது. படுக்க முடியாது. டீ குடிக்க முடியாது. ஒருத்தர் எழுந்து நின்றால் எல்லோரும் தண்ணீரில். முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்க முடியாது.

"தாண்டி என்னா பண்ணப் போற?" என்பார்.

தாண்ட ஆசைப்பட்டது நான் மட்டும் அல்ல. அக்காவும்தான்.

அவள் சின்னப் படகில் ஒரே ஒரு தடவை ஏறினாள். உட்காரக் கூடாத பக்கம் உட்கார்ந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று பேரும் நின்றோம். படகு கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய கண்ணாடி சேற்றுக்குள் எங்கேயோ போய்விட்டது. முந்தானையைப் பிழிந்துகொண்டே, "நல்லா காத்து வாங்கினேன். போதும்" என்றாள். அதோடு சரி. ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. "நம்ம ஊரு அந்தாண்டேருந்து பாத்தா எப்பிடி இருக்கும்னு பாக்கணும்டா" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்த்தவளுக்கு, ஒரு தடவை கடலில் நின்று கரையைப் பார்க்க வேண்டும்.

அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பாதி. மீதி, எனக்கே பெரியது வேண்டியிருந்தது. புதுச்சேரியில், ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு வெள்ளைக்காரர் விற்ற பழைய படகு. இருபத்தாறு அடி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஒரு சின்ன அடுப்பு. அடிவயிற்றில் ஈயம், அதனால் சாய்ந்தாலும் கவிழாது.

மாமா ஏறினார். இடது ஓரமாகப் போய் நின்றார். வலது ஓரம் போனார். விளிம்பில் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினார். படகு அசையவில்லை.

"நான் எங்க உக்காந்தாலும் இதுக்கு ஒண்ணுதான் போல."

"அது நல்லதுதான மாமா."

"நல்லதுதான்." ஆறிப்போன காப்பியைக் கொடுத்த வீட்டில், நல்லாருக்கு என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார். ஆனாலும் வந்தார். அக்காவுக்காக வந்தார்.

விற்றவர் எனக்கு ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய படகில் சுக்கான் பிடிப்பவருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் நடுவே ஒரு கூரை, ஒரு கம்பம், ஏழெட்டுக் கயிறு இருக்கும். ஒருவர் தோள் மற்றவருக்குத் தெரியாது. அதனால் திருப்புவதற்கு முன்னால், 'திரும்பறேன்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கயிற்றுக்காரர் கயிற்றைக் கையிலிருந்து எடுத்து படகோரத்து இரும்பு உருளையில் மூன்று சுற்று போட்டுவிட்டு, 'சரி' என்று சொல்ல வேண்டும். சரி வந்த பிறகுதான் சுக்கானைத் தொட வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை இதை ஒழுங்காகச் செய்தோம். நான் கத்துவேன். மாமாவுக்குச் சிரிப்பு வரும். "என் பொழப்ப நீ எடுத்துக்கிட்ட" என்பார்.

அக்கா வந்த நாளில் எல்லாமே நன்றாக இருந்தது. தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்து முகத்துவாரத்தைத் தாண்டினோம். இதமான காற்று. அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதாவா இருக்கு?" என்றாள்.

மாமா கூரைக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வெளிச்சவீடு எங்கே, நம்ம தெரு எங்கே என்று அவளுக்குக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வலது கையால் காட்டினார். இடது கையில் முன்பாயின் கயிறு. உருளையில் போடவில்லை. வழக்கம்போல உள்ளங்கையில் ஒரு சுற்று. எனக்கு அது தெரிந்தது. அந்தப் பெரிய படகில் முதல்முறையாக அவர் சந்தோஷமாக இருந்தார். அதைக் கலைக்க மனம் வரவில்லை. நான்கூடச் சந்தோஷமாக இருந்தேன். ஒன்பதடிப் படகில் இருக்கிற மாதிரியே இருந்தது.

அந்த மாதிரியே திருப்பினேன்.

சொல்லவில்லை. அவர் தோளுக்குத் தெரிந்திருக்கும் என்று என் கை நினைத்துக்கொண்டது. படகு ஒன்றும் சொல்லாமல் மெதுவாக மூக்கைத் திருப்பியது. அப்புறம் முன்பாய் ஒரே வீச்சில் மறுபக்கம் போனது. அதோடு கயிறு. கயிற்றோடு அவர் கை, கயிறு ஓடுகிற கப்பி வரைக்கும்.

அவர் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, தடுப்புக்குப் பின்னால் நின்று சொல்கிற அதே குரலில், மெதுவாக, "விடுங்க" என்றார்.

சுக்கானை விட்டேன்.

கை அவர் வேலை செய்கிற இடத்திலேயே படமெடுக்கப்பட்டது. கூட வேலை பார்க்கிற பெண் எடுத்தாள். தன் கைப் படத்தை மாமா வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். யாரோ ஒரு பேஷன்ட்டின் கையைப் பார்ப்பதுபோல, வெகுநேரம்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு. இந்த எடத்துல மட்டும் சின்னதா ஒரு கீறல்."

"அப்புறம் ஏன் மாமா அந்த ரெண்டு வெரலு மட்டும்?"

"நரம்பு இதுல வராது மச்சான்."

மோதிர விரல், சுண்டு விரல், அதை ஒட்டிய உள்ளங்கை. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் தெரியாது. சாதம் பிசைகிற கை இல்லை, பரவாயில்லை என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் கயிறு பிடிக்கிற கை அது என்பதை யாரும் நினைக்கவில்லை. எக்ஸ்ரே பலகை சில்லென்று இருக்கும். குழந்தைகளைப் படுக்க வைப்பதற்கு முன் இடது உள்ளங்கையால் அதைத் தேய்த்துச் சூடாக்குவது அவர் பழக்கம். அப்புறம் வலது கையால் தேய்த்தார். வேறு எதுவும் மாறியதாக வெளியே தெரியவில்லை.

கட்டோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நீ திரும்பறேன்னு சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா."

கை கீரையிலேயே இருந்தது. "நான் வெளிச்சவீட்டப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல."

"சொன்னான்" என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும்தான் கேக்கல. காத்து ஜாஸ்தி."

அன்றைக்குக் காற்று ஜாஸ்தி இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா காம்புகளைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பண்ருட்டி பஸ்ஸில் ஏறி, கடையில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பை முழுசு, பாதி, குருணை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தேன். அந்தப் பொய்யைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. தொடுவது தெரிகிறது, தொடப்படுவது தெரிவதில்லை.

பெரிய படகைப் புதுச்சேரியிலேயே விற்றுவிட்டேன். அக்கா திருவந்திபுரத்துக்கு வேண்டிக்கொண்டு மாமாவுக்கு மொட்டை போட வைத்தாள். விரலுக்கு உணர்ச்சி வரவில்லை. கெடிலக்கரையில் மொட்டைத் தலையோடு நின்றவர் மெதுவாகத் தலையை அங்கும் இங்கும் திருப்பினார்.

"மச்சான், காத்து எந்தப் பக்கம்னு தலையிலயே தெரியுது. இது முன்னாடியே தெரியாமப் போச்சே."

அக்காகூடச் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக முடியாது என்று சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோனார்கள். ஒன்பதடிப் படகு குட்டியானை வண்டியில் ஏறி அவர்களோடு போனது. இரண்டு வருஷம் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடந்தது. அதன் மேல் அக்கா வடகம் காயப்போட்டாள். சுக்கானுக்கு ஒரு கை, கயிற்றுக்கு ஒரு கை என்று செய்த படகு. ஒரு கை போய்விட்டது. நான் போகும்போதெல்லாம் மெஸ்ஸைப் பற்றிப் பேசினார், ஓசூரில் வேலை பார்க்கும் மகளைப் பற்றிப் பேசினார். சின்னது பெரியது என்ற பேச்சு மட்டும் அவரிடம் நின்றுபோனது. அலுப்பாக இருந்த அந்தப் பேச்சுக்காக நான் காத்திருந்ததுண்டு.

மகள் அவர்கள் இருவரையும் தன்னோடு ஓசூருக்கே அழைத்துப் போவதாக முடிவாயிற்று. போவதற்கு முந்தின வாரம் போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம கிள்ளைக் காயலுக்கு வா மச்சான். கயிறு புடிக்க ஒரு ஆளு வேணும்."

காலை வெயில் ஏறாத நேரம். காயலில் தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது. அவர் பின்னால் சுக்கானைப் பிடித்தார். நான் நடுவில். இடது கையை மடியில், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல வைத்திருந்தார். கயிற்றை நான் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினேன். எனக்குத் தெரிந்த பிடி அதுதான், அவரைப் பார்த்து வந்தது. அவர் அந்த இடது கையை நீட்டி, மரத்த விரல்களால் தடவித் தடவி, என் கையிலிருந்து சுற்றைப் பிரித்துவிட்டார். அந்தப் படகில் பேச்சு கிடையாது.

காற்று வந்தது. கயிறு இறுகியது. அவர் இத்தனை காலம் எதைப் பிடித்திருந்தார் என்று என் விரல்களுக்குத் தெரிந்தது. உயிருள்ள ஒன்றின் கழுத்தைப் பிடித்த மாதிரி.

எதிரே சுரபுன்னைக் காடு நெருங்கியது. வேர்களுக்கு முன்னால் சேற்றுத் திட்டு. திரும்ப வேண்டிய இடம். என் முழங்கால் அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் தோள் எனக்குத் தெரிந்தது. நான் நகரத் தயாரானேன்.

"திரும்பறேன்" என்றார்.

சத்தமாக இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் கேட்கிற அளவுக்கு. ஒன்பதடிப் படகில் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நான் கயிற்றையே பார்த்தேன். அவர் சுக்கானை அசைக்கவில்லை. காத்திருந்தார். திட்டில் நின்ற ஒரு கொக்கு எங்களைப் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது.

"திரும்பறேன்" என்றார் மறுபடியும். அதே குரல். கோபம் இல்லை. தடுப்புக்குப் பின்னால் நின்று சொல்கிற குரல்.

"அன்னிக்கு நான் சொல்லல மாமா."

"தெரியும்."

தண்ணீர் பலகையில் தட்டிக்கொண்டே வந்தது.

"ஒங்க அக்காவுக்கும் தெரியும்" என்றார். "இப்ப சரின்னு சொல்லு. சேறு வருது."

சொல்லிவிட்டால் ஏதாவது ஆகும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கயிறு மட்டும் கையில் இழுத்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றேன்.

திருப்பினார். தலையைக் குனிந்தோம். பாய் எங்கள் மேலாகப் போனது. கரைக்கு வருவதற்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு தடவை திரும்பியிருப்போம். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார். ஒவ்வொரு தடவையும், நான் சரி என்று சொல்லும் வரைக்கும், காத்திருந்தார்.